லுவாங்வா பள்ளத்தாக்கில் லோரா வலை: கோபுரம் எத்தனை, எங்கே?

மோப்பானி_காடு கேட்டது:
ஜாம்பியாவின் தென் லுவாங்வா தேசியப் பூங்கா 9,050 ச.கி.மீ. அதில் ஒரு பகுதிக்கு, சுமார் 1,200 ச.கி.மீ., லோராவான் (சிறு செய்திகளைக் குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் அனுப்பும் ரேடியோ) வலை போடும் திட்டம். ரோந்து போகும் 50 ரேஞ்சர்களின் இருப்பிடம் நிமிடத்துக்கு ஒருமுறை வேண்டும், கூடவே ஆபத்துப் பொத்தான், சில யானைக் காலர்கள் (ஜிபிஎஸ் உள்ள கழுத்துப்பட்டைகள்). 868 மெகாஹெர்ட்ஸ். சமவெளியில் 12 மீட்டர் கம்பம் ஆறு நட்டால் போதுமா? ருவாண்டாவின் அககேராவில் (1,122 ச.கி.மீ.) 2017லேயே இதைச் செய்திருக்கிறார்களே.

அலைவரிசை:
அககேராவில் குன்றுகள் உண்டு. உங்கள் இடம் ஆற்றுச் சமவெளி, மேலே மோப்பானி மரம். அந்தக் கணக்கு இங்கே செல்லாது.

20 கி.மீ. தூரத்துக்கு 868ல் ஃபிரெனல் வளையத்தின் (நேர்கோட்டைச் சுற்றி அலைக்கு வேண்டிய வெளி) ஆரம் நடுவழியில் சுமார் 42 மீ. அதில் அறுபது சதவீதமாவது மறைப்பின்றி இருக்க வேண்டும்: 25 மீ. பூமியின் வளைவுக்கு 6, மரத்துக்கு 12. ஆக நடுவழியில் அலைப்பாதை தரையிலிருந்து 43 மீ. உயரத்தில் போக வேண்டும். ஒரு முனை ரேஞ்சரின் இடுப்பில், 1 மீட்டரில் இருக்கிறது. அப்படியானால் மறுமுனை 85 மீட்டரில்! 12 மீ. கம்பம் ஆறென்ன, பதினாறு நட்டாலும் ஓட்டை ஓட்டையாகத்தான் கிடைக்கும்.

மேற்கே முச்சிங்கா மலைச்சரிவு பள்ளத்தாக்கைவிடப் பல நூறு மீட்டர் உயரம். அதன் விளிம்பில் இரண்டு கேட்வே (கருவிகளின் செய்தியை வாங்கும் பெட்டி) வையுங்கள், சரிவு அலையை மறைக்கும் இடங்களுக்கு மட்டும் கீழே ஒன்றிரண்டு. வாங்கும் முன் ஒரு கேட்வேயை மேலே வைத்துவிட்டு, ஜீப்பில் அல்ல, நடந்தே போய்ச் சோதியுங்கள். ஜீப் கூரை ஆன்டெனா காட்டும் எண் இடுப்புக் கருவிக்குப் பொருந்தாது. மழை முடிந்து இலை அடர்ந்திருக்கும்போது ஒருமுறை, இலை உதிர்ந்தபின் ஒருமுறை.

அடுத்தது நிமிடத்துக்கு ஒரு செய்தி. எஸ்எஃப் என்பது லோராவின் வேகப் படி; 7 வேகமானது, 12 மெதுவானது, ஆனால் அதிக தூரம் போகும். எஸ்எஃப்12ல் 11 பைட் செய்தி காற்றில் 1.5 விநாடி எடுக்கும். ஒரு கருவி ஒரு சதவீத நேரம்தான் அனுப்பலாம் என்ற வரம்பு இருந்தால் மணிக்கு 36 விநாடி, அதாவது 24 செய்தி. எஸ்எஃப்7ல் அதே செய்திக்கு 0.06 விநாடி. நடப்பவருக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒன்று தாராளம். நகரும் கருவியில் ஏடிஆரை (வேகத்தைத் தானாக மாற்றும் வசதி) அணைத்துவிடுங்கள். மேட்டில் நின்றபோது தேர்ந்த வேகத்தை ஓடைக்குள் இறங்கியபின்னும் பிடித்துக்கொண்டிருக்கும். 'பெற்றேன்' என்ற பதில் ஆபத்துப் பொத்தானுக்கு மட்டும் போதும். கேட்வே பேசும்போது அதற்குக் காது கேட்காது. எல்லாச் செய்திக்கும் பதில் சொல்ல வைத்தால், பொத்தான் அழுத்திய செய்தியே விழுந்துபோகும்.

அலைவரிசை அனுமதியை ஜிக்டாவிடம் (ஜாம்பியாவின் தொலைத்தொடர்பு ஆணையம்) முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சோலார்_சாமி:
மின்சாரக் கணக்கு. கேட்வே 5 வாட், மைக்ரோவேவ் இணைப்பு 8 வாட் என்றால் நாளுக்கு 312 வாட்-மணி. 12.8 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பாஸ்பேட் பேட்டரி எண்பது சதவீதத்தில் 1,024 தரும். வெயில் இல்லாமல் மூன்று நாள் தாங்கும். பேனல் கணக்குக்கு 110 வாட் வரும். 200 போடுங்கள், ஜனவரி மழைக்கால மேகம் உங்கள் எக்செல் தாளைப் படித்ததில்லை.

எர்த்திங்கை மழைக்காலத்தில் அளந்து திருப்திப்படாதீர்கள், அக்டோபரில் மண் காய்ந்தபின் மின்தடை பல மடங்காகும். ஆன்டெனா கேபிளில் சர்ஜ் அரெஸ்டர் (மின்னல் பாய்ச்சலைத் தரைக்குத் திருப்பும் கருவி), அது பெட்டிக்குள் நுழையும் இடத்திலேயே. கேபிள் துளைகளைக் கிளாண்டால் (கேபிளைச் சுற்றி இறுக்கும் அடைப்பான்) அடைக்காவிட்டால் குளவி கூடு கட்டும். கீழே தொங்கும் கேபிளைக் குரங்கு இழுக்கும், கம்பத்தில் யானை முதுகு சொறியும். கம்பத்தைச் சுற்றிக் கூர்மையான கற்களைப் பரப்பி வையுங்கள்.

கண்ணி_அறுப்பவன்:
கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன். லுவாங்வாவில் பெரிய தொல்லை துப்பாக்கி அல்ல, இறைச்சிக்காக வைக்கும் கம்பிக் கண்ணி. கம்பி எந்தச் சென்சாருக்கும் தெரியாது, அதைக் கையால்தான் தேட வேண்டும். எனவே முதல் செலவு ரோந்துப் பதிவுக்கு: ஸ்மார்ட் (SMART) என்ற ரோந்துப் பதிவு மென்பொருளில் கண்ணி கிடைத்த இடம், கம்பியின் வகை, தடத்தின் வயது. ஒரு பருவம் சேர்ந்தாலே எந்த ஓடையோரம் திரும்பத் திரும்ப வைக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

காலரின் பயன் அசையாமை எச்சரிக்கையில். எர்த்ரேஞ்சரில் (இருப்பிடங்களை வரைபடத்தில் காட்டும் மென்பொருள்), இத்தனை மீட்டர் ஆரத்துக்குள் இத்தனை நேரம் இருந்தால் எச்சரி என்று கொடுக்கலாம். எல்லா விலங்குக்கும் ஒரே எண் போட்டால் சிங்கம் தூங்கும்போதெல்லாம் அலறும்; அது நாளுக்கு இருபது மணி நேரம்கூடப் படுத்திருக்கும். யானை அப்படியல்ல, சில மணி நேரம் ஒரே இடத்தில் நின்றாலே போய்ப் பார்க்க வேண்டும். ஆரத்தைப் பத்து மீட்டருக்குக் குறைக்காதீர்கள், மரத்தடியில் ஜிபிஎஸ் புள்ளியே அவ்வளவு அலையும்.

மோப்பானி_காடு:
நன்றி. விளிம்பில் இரண்டு என்று வரைந்துகொள்கிறேன். பாதையோரக் கேமரா நள்ளிரவில் ஆளைக் காட்டினால்?

கண்ணி_அறுப்பவன்:
அந்தப் படம் வந்தபின் ஆள் போய்ச் சேர எத்தனை மணி என்று முதலில் பாருங்கள். மழைக்காலத்தில் கருமண் பாதை மூடியிருக்கும். நாலு மணி என்றால் கேமராவை இன்னும் வெளியே, கிராமத்திலிருந்து வரும் தடத்தில் வைக்க வேண்டும். கண் மட்டத்தில் வேண்டாம், மூன்று மீட்டர் உயரத்தில் கீழ்நோக்கி. நடுப்பகல் வெப்பம் 37 டிகிரியைத் தொட்டால் ஆளின் உடல் சூட்டுக்கும் பின்னணிக்கும் வித்தியாசம் இருக்காது, பிஐஆர் (கேமராவை எழுப்பும் வெப்ப உணரி) விழிக்காது. அந்த நேரத்துக்கு அதை நம்பாதீர்கள்.