வருஷத்துக்கு 2,000 கி.மீ. கூட ஓடாத காருக்கு ஆயில் மாற்ற வேண்டுமா?

அஸ்தம்பட்டியான்
பெட்ரோல் கார். வருஷத்துக்கு 2,000 கி.மீ. ஓடினால் அதிகம். ஆயில் போட்டு மூன்று வருஷம் ஆகப் போகிறது. காலையில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை, அதான் டிப்ஸ்டிக்கை, இழுத்துப் பார்த்தேன், ஆயில் தேன் கலரில் அப்படியே இருக்கிறது. 10,000 கி.மீ. ஆனால் மாற்றுவேன், அதற்கு முன்னால் கிடையாது. வருஷா வருஷம் மாற்றச் சொல்வது பில் ஏற்றும் வேலை. பூமிக்கு அடியில் கோடிக்கணக்கான வருஷம் கிடந்த எண்ணெய் என் ஷெட்டில் ஒரே வருஷத்தில் கெட்டுவிடுமா? புதிதாகக் கார் வாங்குகிறவர்கள் ஏமாற வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

நாகலூர் காப்பித்தோட்டம்
இதைப் படித்துவிட்டு சும்மா போக முடியவில்லை. பூமிக்கு அடியில் கிடந்தது கச்சா எண்ணெய். உங்கள் இன்ஜினில் இருப்பது அதுவா? அமிலத்தை முறிக்க, அழுக்கைப் பிடித்து வைக்க, துருவைத் தடுக்க என்று ஆளுக்கொரு சேர்மானம் கலந்த ஆயில் அது. தீர்ந்து போவது அந்தச் சேர்மானங்கள்தான்.

கலரைப் பார்த்து ஆயிலின் தரம் சொல்ல யாராலும் முடியாது. டீசல் வண்டியில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும், ஆனால் நன்றாகத்தான் இருக்கும். பெட்ரோல் வண்டியில் தேன் கலரில் இருந்துகொண்டே உள்ளே அமிலம் ஏறியிருக்கலாம்.

கார் கையேட்டை எடுத்துப் பாருங்கள். 10,000 கி.மீ. அல்லது 1 வருஷம், எது முதலில் வருகிறதோ அது. இரண்டாவது பாதியைப் படிக்காமல் விட்டுவிட்டீர்கள்.

அஸ்தம்பட்டியான்
கையேடு எழுதியதும் கம்பெனி, பில் போடுவதும் கம்பெனி. அமிலம் ஏறியது என்றால் எனக்குக் கண்ணில் காட்டுங்கள் சார். என் கண்ணுக்குத் தேன் கலர்தான் தெரிகிறது.

டீசல்பித்தன்
அஸ்தம்பட்டி அண்ணன் சொல்வதில் கொஞ்சம் சரி. பாதிக்கு மேல் தவறு. செயற்கையாகத் தயாரித்த சிந்தெடிக் ஆயில் என்றால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுத்த சாதாரண மினரல் ஆயில் அவ்வளவு தாங்காது. முதலில் எந்த ஆயில் என்று சொல்லுங்கள்.

புதுவண்டி
குறைவாக ஓட்டுவது என்றால் எவ்வளவு குறைவு? மாதம் ஒரு தடவை பெங்களூர் போய் வருவதும், தினமும் பால் வாங்க 2 கி.மீ. போவதும் ஒன்றா?

நாகலூர் காப்பித்தோட்டம்
அஸ்தம்பட்டியாரே, கண்ணில் காட்டச் சொன்னீர்கள், காட்டுகிறேன். டிப்ஸ்டிக்கை விடுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி, அடிப்பக்கத்தைப் பாருங்கள், படம் எடுத்து இங்கே போடுங்கள். எங்கள் ஏற்காடு மலையில் பனிக்காலம் முடிந்ததும் பாதி வண்டிகளில் அங்கே வெண்ணெய் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். ஆயிலும் தண்ணீரும் கலந்தது அது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அடுத்து கேட்பீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வருகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயில் பக்கம் இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடானால் அதுவும் ஆவியாகி வெளியேறிவிடும். சூடாகும் முன்பே வண்டியை அணைத்தால் உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகத் தங்கும். குளிர்ந்த இன்ஜினில் எரியாத பெட்ரோலும் சேர்ந்து இறங்கி ஆயிலை நீர்க்க வைக்கும்.

இதில் இன்னொரு கொடுமை, "வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓடவிடுங்கள்" என்று சொல்லிக்கொண்டு திரிவது. ஐடிலில் பத்து நிமிஷம் நின்றால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் சூடு காட்டும் முள் மேலே ஏறும், ஆயில் போதுமான அளவு சூடாகாது. தண்ணீர் சேர்ப்பதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. ஸ்டார்ட் செய்தால் அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் தொடவே தொடாதீர்கள்.

அஸ்தம்பட்டியான்
மலையில் பனி, ஈரம், சரி. சேலத்தில் மே மாதம் 40 டிகிரி காய்கிறது. உங்கள் நாகலூர் மூடுபனியைக் கொண்டுவந்து என் தலையில் ஏன் கொட்டுகிறீர்கள்? என் ஆயில் தேன் கலர்.

நாகலூர் காப்பித்தோட்டம்
தண்ணீர் வருவது பெட்ரோல் எரிவதிலிருந்து என்று இப்போதுதானே எழுதினேன்? பனி அதைக் கூட்டும், அவ்வளவுதான். படித்துவிட்டுப் பதில் போடுங்கள். போன வருஷம் கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றலாம் என்று இங்கே வாதாடியவர் நீங்கள்தானே? சேலத்து உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றச் சொன்னவர் ஆயிலைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்.

அஸ்தம்பட்டியான்
அதை எதற்கு இங்கே இழுக்கிறீர்கள்? அவசரத்துக்கு ஊற்றலாம் என்றுதான் சொன்னேன். இன்றும் அதையேதான் சொல்வேன்.

ஐந்துரோடு மெக்கானிக்
நான் தினமும் வண்டி பிரிக்கிறவன். வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பைக் கழற்றினால் அடியில் தார் மாதிரி சேறு. சேறு ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால் இன்ஜினே போகும். ஆயில் மாற்ற இரண்டாயிரம், மூவாயிரம். இன்ஜின் வேலை வந்தால் அதைப் போல் எத்தனை மடங்கு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அஸ்தம்பட்டியான்
வந்துவிட்டார் பில் போடுகிறவர்.

ஐந்துரோடு மெக்கானிக்
மரியாதையாகப் பேசுங்கள் சார். உங்கள் வண்டியை என்னிடம் கொண்டு வரச் சொல்லவில்லை. நீங்களே ஆயில் வாங்கி நீங்களே மாற்றுங்கள், பழைய ஆயிலைச் சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள்.

டீசல்பித்தன்
எல்லாரும் பெட்ரோலையே பிடித்துத் தொங்குகிறீர்கள். 2020-க்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (புகை மாசு விதி) டீசல் கார்களில் புகைவடிகட்டி இருக்கிறது. குறுகிய தூரமே ஓட்டினால் வடிகட்டியில் கரி எரியாமல் சேரும். எரிக்க வண்டி கூடுதலாக டீசல் பீச்சும், அதில் கொஞ்சம் ஆயிலில் கலந்து அளவு ஏறும். ஆயில் தீராமல் ஏறுகிறதே என்று சந்தோஷப்படக் கூடாது. இப்படி ஆயில் மாற்றும் செலவு வருவதால்தான் நான் ஏற்காடு போனால் இறங்கும்போது நியூட்ரலில் விட்டு, டீசல் மிச்சம் பிடிக்கிறேன். அந்தப் பணத்தில் ஆயில் மாற்றிவிடலாம்.

நாகலூர் காப்பித்தோட்டம்
நியூட்ரலிலா? 20 கொண்டை ஊசி வளைவிலும் நியூட்ரலில் இறங்குகிறீர்களா? பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் உங்களோடு போகாது, எதிரே ஏறி வருகிறவனையும் கொண்டுபோகும். மிச்சமும் ஆகாது. கியரில் விட்டு ஆக்ஸிலேட்டரை எடுத்தால் இன்றைய வண்டிகளில் டீசல் பீச்சுவதே நிற்கும். நியூட்ரலில்தான் ஐடிலுக்கு டீசல் குடிக்கும். இப்படி இறங்குகிற கீழ்நாட்டு வண்டிகளால்தான் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சேலம் வருகிறோம்.

டீசல்பித்தன்
கீழ்நாட்டு வண்டியா? உங்கள் தோட்டத்து ஜீப்புகள் ராத்திரியில் டிம் கூடப் போடாமல் வருவதை முதலில் கேளுங்கள். நான் இந்த மலையில் விபத்து செய்ததே இல்லை.

புதுவண்டி
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மாதம் ஒரு பெங்களூர் டிரிப் என்றால் வருஷம் ஒருமுறை மாற்றினால் போதுமா, ஆறு மாதமா?

அஸ்தம்பட்டியான்
தம்பி, பெங்களூர் வரைக்கும் ஓட்டினால் ஆயில் நன்றாகச் சூடாகும் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். 10,000 ஆகும் வரை தொடாதே. டிப்ஸ்டிக்கில் தேன் கலர் இருக்கிறதா என்று மட்டும் பார்.

நாகலூர் காப்பித்தோட்டம்
நான் சொல்லாததை என் வாயில் வைக்காதீர்கள். தம்பி, நீண்ட தூரம் ஓட்டினாலும் வருஷம் ஒருமுறை கட்டாயம். வாரன்டி இருக்கிற வண்டியா? தேதி தவறினால் இன்ஜின் கிளைமில் அதையே முதலில் கேட்பார்கள். அப்போது இவர் வந்து தேன் கலர் என்று சாட்சி சொல்லமாட்டார். அஸ்தம்பட்டியாரே, மூடியைத் திறந்து படம் போடச் சொன்னேனே, ஏன் போடவில்லை?

அஸ்தம்பட்டியான்
நீங்கள் சொன்னால் நான் திறக்க வேண்டுமா? மூடி திறக்கிற வேலை எனக்குக் கிடையாது. டிப்ஸ்டிக் படம் வேண்டுமானால் போடுகிறேன்.

டீசல்பித்தன்
காப்பித்தோட்டம் சார், ஜீப் டிம் லைட் விஷயத்துக்குப் பதில் வரவில்லை.

நாகலூர் காப்பித்தோட்டம்
ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் வழிவிட வேண்டும் என்ற விதியே தெரியாதவருக்கு டிம் லைட்டைப் பற்றி என்ன பதில் சொல்வது? முதலில் கியரைப் போட்டு இறங்கி வாருங்கள், அப்புறம் பேசலாம்.