ஹீட்டரைப் போடுமுன் சுவரில் உள்ள ஓட்டையைப் பாருங்கள்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கமிருந்து படிக்கவும் வேலைக்கும் இங்கிலாந்து போகிற பிள்ளைகள் விசா, வங்கிக் கணக்கு, வாடகை எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வெளிக்கிடுகிறார்கள். போய் இருக்கப்போகிற வீட்டின் காஸ் ஹீட்டரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்கத் தோன்றாது என்பதும் சரிதான். நமக்குக் குளிர் என்றால் மார்கழி வாடைக்காற்று. அதற்கு ஒரு போர்வை போதும்.

லண்டனில் பொய்லர், ஹீட்டர் பூட்டுகிற ஒருவருக்கு உதவியாளாக இருந்துவிட்டு இப்போது கல்லடியில் இருக்கிறேன். போகிற பிள்ளைகளும் அனுப்புகிற வீட்டாரும் தெரிந்துகொள்ள இதை எழுதுகிறேன்.

ஊர் வீட்டில் காற்றுக்கென்று தனி ஏற்பாடு தேவைப்படுவதில்லை. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி, யன்னலுக்கு மேலே ஓட்டை விட்ட சீமெந்துக் கல், பகல் முழுக்கத் திறந்து கிடக்கிற குசினிக் கதவு. அங்குள்ள வீடுகள் இரட்டைக் கண்ணாடியும் ரப்பர் வைத்த கதவுமாக இறுக்கி மூடியவை. அதற்குள் காஸ் எரிய வேண்டுமென்றால் காற்று வர ஒரு வழியும் புகை போக ஒரு வழியும் இருந்தே ஆக வேண்டும். குளிருக்குப் பயந்து அந்த வழியை அடைத்துவிடுவதில்தான் வில்லங்கம் தொடங்குகிறது.

பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து இருந்த ஒரு வீட்டுக்குப் போனோம். முன்னறையில் பழைய ஹீட்டர், அறைக் காற்றை எடுத்து எரித்துப் புகையைப் புகைபோக்கியால் விடுகிற வகை. சுவரில் இருந்த காற்றுத் துளைக்குள் பழைய சாரன் ஒன்றைச் சுருட்டித் திணித்து, மேலே பார்சல் டேப் ஒட்டியிருந்தார்கள். என்னோடு வந்தவர் கதவு யன்னலைச் சாத்தி, குசினியில் புகை இழுக்கிற மின்விசிறியைப் போடச் சொன்னார். பிறகு ஒரு புகைக் குச்சியைக் கொளுத்தி ஹீட்டரின் மேல்விளிம்புக்குப் பக்கத்தில் பிடித்தார். மேலே ஏற வேண்டிய புகை வளைந்து அறைக்குள் வந்தது. சாரனை இழுத்தெடுத்த பிறகு அதே புகை நேரே உள்ளே போனது. அந்தப் பிள்ளைகள் அதுவரை தலையிடிக்குப் பனடோல் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

காரணம் கார்பன் மொனொக்சைட், காற்றுப் போதாமல் காஸ் சரியாக எரியாதபோது வருகிற நச்சு வாயு. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் இருக்கிற ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், அசதி என்று தடிமன் காய்ச்சல் போலவே வரும். வெளியே போனால் குறைந்து, வீட்டுக்கு வந்தால் கூடினால், அல்லது வீட்டில் எல்லாருக்கும் ஒன்றாக வந்தால், உடனே ஹீட்டரைச் சந்தேகப்படுங்கள். நெருப்பு நீலமாக நிற்காமல் மஞ்சளாக ஆடுவதும், ஹீட்டரைச் சுற்றிக் கரி படிவதும் நல்ல அறிகுறி இல்லை. (நிலக்கரி எரிவது போல் தெரியச் செய்த அலங்கார ஹீட்டரின் நெருப்பு மட்டும் மஞ்சளாகத்தான் எரியும்.)

புதிதாகப் பூட்டுவதென்றால், காற்றை வெளியிலிருந்தே எடுத்து வெளியே விடுகிற மூடிய வகையைக் கேளுங்கள். அறைக் காற்றைத் தொடாது. சிலிண்டர் வைத்து உருட்டிக்கொண்டு திரிகிற ஹீட்டரைப் படுக்கையறையில் வைக்கவே வேண்டாம். அறை சூடாக அவணைத் திறந்து விடுவதும் கூடாது. அப்புறம், நம் வீடுகளில் மட்டும் இருக்கிற ஒன்று: வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்குச் சிரட்டைக்கரித் தணலை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவது. தணலிலிருந்தும் இதே வாயுதான் வரும்.

“தெரிந்த அண்ணா ஒருவர் பாதிக் காசுக்குப் பூட்டித் தருவார்” என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம், மனே. காஸ் வேலைக்காரருக்கென்று அங்கே இருக்கிற ‘காஸ் சேஃப்’ பதிவு உள்ளவர்தான் கை வைக்கலாம், அது சட்டம். அந்தப் பதிவு அட்டையைக் கேட்டு வாங்கிப் பின்பக்கத்தையும் பாருங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அதில் இருக்கும். உண்மையானவர் கோபிக்க மாட்டார்.

கார்பன் மொனொக்சைட் அலாரம் ஹீட்டர் இருக்கிற அறையில், அதிலிருந்து 1 முதல் 3 மீற்றர் தூரத்தில் இருக்கட்டும். திரைச்சீலைக்குப் பின்னால் மாட்டினால் பிரயோசனமில்லை. பொத்தானை அமத்தி அடிக்கடி சோதியுங்கள்; பின்னால் போட்டிருக்கிற முடிவுத் திகதியையும் பாருங்கள். அது அடித்தால், அல்லது காஸ் மணத்தால், யன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய் இங்கிலாந்தின் காஸ் அவசர இலக்கமான 0800 111 999க்கு எடுங்கள். மணக்கும்போது லைற் சுவிட்சைத் தொடக்கூடாது.

அவுஸ்திரேலியாவில் விக்டோரியா போகிறவர்களுக்கு: அங்கே வாடகை வீட்டில் 2 வருடத்துக்கு ஒருமுறை காஸ் சோதனை கட்டாயம். கனடாவில் பனி கொட்டினால், வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கிற ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்குகிற அடுப்பு) குழாயின் வாயை மூடிவிடும், வழித்து விடுங்கள்.

இங்கிலாந்தில் வீட்டுக்காரர் 12 மாதத்துக்கு ஒருமுறை காஸ் சாமான்களைச் சோதிப்பித்து, அந்தச் சோதனைப் பத்திரத்தின் பிரதியைப் புதிதாக வருகிறவருக்குக் குடிவருமுன்னும், இருப்பவருக்குச் சோதித்து 28 நாளுக்குள்ளும் தர வேண்டும். 1998ஆம் ஆண்டு விதி அது. கேட்டால் எழுப்பிவிடுவாரோ என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். சண்டை பிடிக்கத் தேவையில்லை. “காஸ் பத்திரத்தை அனுப்பிவிடுங்கள்” என்று ஒரு மெசேஜ் போடுங்கள். வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள், பிறகு தேவைப்பட்டால் காட்டலாம்.