கைக்குத்தல் அரிசி சீராக வேக எந்தப் பாத்திரம் ஏற்றது?

கேள்வி: தாமரைக்குளம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நான்கு பேர். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால், மதியச் சாப்பாட்டுக்கு வெள்ளைப் பொன்னியை விட்டுவிட்டுக் கைக்குத்தல் பொன்னிப் பச்சரிசியும், வாரத்தில் ஓரிரு நாள் மாப்பிள்ளைச் சம்பாவும் வைக்கத் தொடங்கியிருக்கிறோம். பழைய ஐந்து லிட்டர் அலுமினியக் குக்கரில் அரை மணி நேரம் ஊறிய அரிசியை நேரடியாகப் போட்டு, முழுத் தீயில் நான்கு விசில் விட்டால் சோறு மேலே வெடித்தும் உள்ளே நறுக்கரிசியாகவும் நிற்கிறது. ஏழெட்டு விசில் விட்டால் குழைந்துபோவதோடு, வெயிட்டின் வழியாக நுரை பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது. புதிதாக ஒரு பாத்திரம் வாங்கலாம் என்று எண்ணுகிறேன். மண்பானை, மூவடுக்கு எஃகுக் குக்கர், மின்சார ரைஸ் குக்கர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எங்களிடம் கேஸ் அடுப்போடு ஓர் இண்டக்‌ஷன் அடுப்பும் உண்டு. அலுமினியம் உடம்புக்கு ஆகாது என்ற பேச்சு எந்த அளவுக்கு உண்மை என்பதையும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: அடுக்களை அன்னம்

பாத்திரத்தை மாற்றும் முன் ஊறவைக்கும் நேரத்தையும் தீயையும் மாற்றிப் பாருங்கள், சகோதரி. நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது.

கைக்குத்தல் அரிசியில் உமி மட்டுமே நீங்கியிருக்கும். தவிட்டுப் படலம் அப்படியே இருக்கும். நாரும் எண்ணெய்ப் பசையும் கொண்ட அந்தப் படலம் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. அரை மணி நேரம் ஊறிய அரிசியை முழுத் தீயில் ஏற்றினால், வெளிப்புற மாவு வெந்து உப்பும் நேரத்தில் நடுப்பகுதிக்கு ஈரமே போய்ச் சேர்ந்திருக்காது. ஆகவே பொன்னியைக் குறைந்தது இரண்டு மணி நேரமும், மாப்பிள்ளைச் சம்பாவை முதல் நாள் இரவே போட்டும் ஊறவைக்க வேண்டும். கோடைக்காலத்தில் இரவு முழுவதும் வெளியில் வைத்தால் தண்ணீர் புளித்து வாடை அடிக்கும் என்பதால், குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது நல்லது. ஊறிய அரிசியை எடுத்து நகத்தால் கிள்ளிப் பாருங்கள். மளுக்கென்று ஒடிந்து உள்ளே மாவு வெள்ளையாகத் தெரிந்தால் ஊறியிருக்கிறது, நகம் வழுக்கினால் இன்னும் நேரம் வேண்டும்.

அடுத்தது விசில் கணக்கு. விசில் என்பது நேரத்தை அளக்கும் கருவி அன்று. மிகுந்த ஆவி வெளியேறுகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. சிறிய குக்கரும் பெரிய தீயும் சேர்ந்தால் நான்கு விசில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். தீயைத் தணித்தால் அதே நான்கு விசிலுக்குக் கால் மணி நேரம் கூட ஆகலாம். குக்கருக்குள் அழுத்தம் ஏறியவுடன் வெப்பம் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் ஆகிவிடும், அதற்குமேல் தீயைக் கூட்டுவதால் சோறு விரைவில் வேகாது, நுரைதான் பொங்கும். முதல் விசில் வந்ததும் தீயை நன்றாகக் குறைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து வையுங்கள்: ஊறிய கைக்குத்தல் பொன்னிக்கு 12 முதல் 15 நிமிடம், மாப்பிள்ளைச் சம்பாவுக்கு 20 முதல் 25 நிமிடம். தண்ணீர் முன்னதற்கு இரண்டரைப் பங்கு, பின்னதற்கு மூன்று முதல் நான்கு பங்கு வரை. பழைய அரிசி என்றால் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும்.

அடுப்பை அணைத்த பின் வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றும் வழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அழுத்தம் திடீரென்று இறங்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் ஒரே வீச்சில் கொதித்து அரிசியை வெடிக்கச் செய்யும். தானாக அடங்கும்வரை விட்டால், மிச்ச ஈரத்தை அரிசி உறிஞ்சிக்கொண்டு பருக்கை பருக்கையாக நிற்கும்.

பதில்: குமரிக்கடல்

மேலே சொன்னவை குக்கருக்குப் பொருந்தும். ஆனால் சிவப்பரிசியைக் காலங்காலமாகச் சாப்பிடும் எங்கள் நாஞ்சில் நாட்டுப் பக்கத்தில் வடித்த சோறுதான் சோறு. இங்கே பல வீடுகளில் சூடாறாப் பெட்டி இருக்கிறது. கொதிக்கும் தண்ணீரில் அரிசியைப் போட்டு, 10 அல்லது 15 நிமிடம் தளதளவென்று கொதித்ததும், பாத்திரத்தை அப்படியே பெட்டிக்குள் இறக்கி மூடிவிட வேண்டும். ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் எடுத்து வடித்தால் போதும், கேஸ் செலவும் பாதியாகக் குறையும். காலையில் வேலைக்குக் கிளம்பும் வீடுகளுக்கு இதைவிட வசதியானது எதுவும் இல்லை என்பது என் கருத்து.

வடிப்பதில் இன்னொரு பயனும் உண்டு. நெல் மண்ணிலிருந்து இழுக்கும் ஆர்சனிக் என்ற நச்சுப் பொருள் பெரும்பாலும் தவிட்டில் தங்குவதால், கைக்குத்தல் அரிசியில் அது வெள்ளை அரிசியைவிடக் கூடுதலாக இருக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பங்கு அரிசியை நான்கு பங்கு கொதிநீரில் ஐந்து நிமிடம் வேகவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிதாக இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் மூடி வேகவைத்தால், தவிடுள்ள அரிசியிலிருந்து பாதிக்குச் சற்று மேலான ஆர்சனிக் நீங்குவதாகக் கண்டார்கள். முழுவதும் வடித்தால் பி வைட்டமின்கள் கஞ்சியோடு போய்விடும். இந்த முறையில் அந்த இழப்பு குறைவு. அன்றாடம் இதே அரிசியை உண்ணும் வீட்டுக்கு இதைப் பரிந்துரைப்பேன்.

மண்பானை வாங்குவதானால் உட்புறம் பளபளப்புப் பூச்சு இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு நாள் முழுதும் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு அரிசி கழுநீரைச் சிறு தீயில் இரண்டு மூன்று முறை கொதிக்கவைத்தால் நுண்துளைகள் அடைபட்டுப் பானை பழகிவிடும். சோப்புத்தூள் ஆகாது, பானை அதை உறிஞ்சிக்கொண்டு, அடுத்த நாள் சோற்றில் காட்டிக்கொடுக்கும். இறக்கிய பின்னும் பானையின் சூட்டில் சோறு வேகும் என்பதால், பதத்துக்குச் சற்று முன்னரே வடித்துவிட வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பில் மண்பானை சூடேறாது என்பதை நினைவில் வையுங்கள்.

பதில்: திண்ணைவாசி

மின்சார ரைஸ் குக்கரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சாதாரண வகையில் அடித்தட்டின் கீழே ஒரு காந்தம் இருக்கும்; தண்ணீர் வற்றி அடிப்பகுதி 100 டிகிரியைத் தாண்டியதும் அது பிடியை விட்டு, சுவிட்சை அணைத்துவிடும். அரிசி வெந்ததா என்று அதற்குத் தெரியாது, தண்ணீர் தீர்ந்ததா என்று மட்டும்தான் தெரியும். ஊறாத கைக்குத்தல் அரிசியைப் போட்டு நறுக்கென்று வாங்கிக்கொண்டு குக்கரைக் குறை சொல்பவர்கள் ஏராளம். நன்றாக ஊறவைத்துத் தண்ணீரைச் சற்றுக் கூட்டி, அணைந்த பிறகும் கால் மணி நேரம் திறக்காமல் விட்டால் நல்ல சோறு கிடைக்கும். ஆனால் மாப்பிள்ளைச் சம்பாவுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

தாமரைக்குளம்

விரிவான பதில்களுக்கு மிக்க நன்றி. அப்படியானால் இருக்கும் குக்கரே போதுமா, அல்லது அலுமினியம் என்பதற்காகவாவது மாற்ற வேண்டுமா?

பதில்: அடுக்களை அன்னம்

சோறு புளிப்பில்லாத பண்டம். அது வேகும் நேரத்தில் அலுமினியம் கரைவது மிகக் குறைவு. புளி, தக்காளி, எலுமிச்சை சேரும் சமையலையும், நீர் ஊற்றி வைக்கும் பழைய சோற்றையும்தான் அதில் வைக்கக் கூடாது. பழைய சோற்றுக்கு மண்சட்டியே சிறந்தது. குக்கரின் உட்புறம் குழி விழுந்து அரித்திருந்தால் மட்டும் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

புதிதாக வாங்குவதானால் உங்களிடம் இண்டக்‌ஷன் அடுப்பும் இருப்பதால் எஃகுக் குக்கர் சரியாக வரும். மூவடுக்கு என்பது இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே அலுமினியம் வைத்தது. தண்ணீர் நிறைய இருக்கும்போது அது பெரிய வேறுபாட்டைத் தராது. கொதிநீரே சூட்டை எங்கும் கொண்டுபோய்விடும். தண்ணீர் வற்றும் கடைசி நிமிடங்களில் அடி பிடிக்காமல் காப்பதில்தான் அதன் பயன் தெரியும். ஆகவே வடித்துச் சாப்பிடுபவர் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. எதை வாங்கினாலும் ஐ.எஸ். 2347 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்; வீட்டுப் பிரஷர் குக்கர்களுக்கு 2021 பிப்ரவரி முதல் அது கட்டாயம். அப்பாவுக்குப் பரிமாறும்போது, கைக்குத்தல்தானே என்று அளவைக் கூட்டிவிடாதீர்கள். மாவுச்சத்து இதிலும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

பதில்: குமரிக்கடல்

அரிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தவிட்டிலும் முளையிலும் இருக்கும் எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். எந்தப் பாத்திரத்தில் வைத்தாலும் அது போகாது. கைக்குத்தல் பச்சரிசியை மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். நெல்லை அவித்துக் குத்திய புழுங்கல் வகை என்றால் கூடுதல் நாள் தாங்கும், குக்கரில் அவ்வளவு எளிதில் குழையவும் செய்யாது.