எழுத்தாளர் உருவாகுறது வீட்டுலயா, வெளியிலயா?

அலமாரிக்காரன்: எழுத்து ரத்தத்துல வரணும்னு சிலர் சொல்றதெல்லாம் சும்மா, ஆனா வளர்ந்த வீட்டுல இருந்து வருதுன்னா ஒத்துக்குவேன். கொலம்பியா நாவலாசிரியர் மார்க்வெஸ் சின்ன வயசுல தாத்தா பாட்டிகிட்ட வளர்ந்தவர், தாத்தா சண்டைக்குப் போன கர்னல், பாட்டி ஆவி கதையெல்லாம் நேத்து நடந்த மாதிரி முகம் மாறாம சொல்றவங்க, 1967ல வந்த ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலோட தொனியே பாட்டிகிட்ட எடுத்ததுதான்னு அவரே சொல்லியிருக்கார்.

குறுக்குக்கேள்வி: அப்ப ஜெயகாந்தன்? அஞ்சாங்கிளாஸோட படிப்ப விட்டவரு, கம்யூனிஸ்ட் கட்சி ஆபீஸ்ல வளர்ந்து புரூஃப் பாத்து எழுத வந்தவரு.

அலமாரிக்காரன்: அவரோட தாய்மாமன்களே அரசியல்ல இருந்தவங்கதான் பாஸ்.

குறுக்குக்கேள்வி: இப்படி எதைச் சொன்னாலும் வீட்டுக்குள்ள இழுத்துட்டுப் போனா எப்படி? இங்கிலாந்துல சார்லட், எமிலி, ஆன்னு மூணு அக்கா தங்கச்சியும் நாவலாசிரியரான பிராண்டே வீட்டையே பாருங்க. 1826ல அப்பா மரச்சிப்பாய் பொம்மை வாங்கிட்டு வந்தது பையன் பிரான்வெலுக்குத்தான், நாலு பசங்களும் அந்த பொம்மைங்களுக்குப் பேர் வச்சாங்க, சார்லட்டும் பிரான்வெலும் அதுங்க படிக்கிறதுக்குன்னே தீப்பெட்டி சைஸ்ல புக்கு தைச்சு, அச்சு எழுத்து மாதிரியே பொடிசா எழுதுனாங்க. ஒரே வீடு, ஒரே விளையாட்டு. 1847ல மூணு பொண்ணுங்களும் நாவல் போட்டாச்சு, பிரான்வெல் குடியும் கடனுமா அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துட்டார். இதுக்கு உங்க வீட்டுத் தியரி என்ன சொல்லுது?

ஓரத்துல_ஒருத்தி: ரெண்டு பேரும் காசை மறந்துட்டீங்க. அந்தப் பொண்ணுங்க 1846ல கவிதை புக்கை அச்சுப் போட்டது செத்துப்போன பெரியம்மா உயில்ல விட்டுட்டுப் போன பணத்துல, அந்த உயில்ல பிரான்வெலுக்குப் பணமே கிடையாது. பரம்பரைன்னா கதை கேட்டு வளர்றது மட்டும்தானா, இதுவும்தானே? (இலக்கியம் பேச வந்தா யாருக்கும் உயில் ஞாபகம் வராது.)

குறுக்குக்கேள்வி: அந்தக் காசுல போட்ட புக்கு முதல் வருஷம் வித்தது ரெண்டே காப்பிங்க! வேற யாரா இருந்தாலும் பேனாவ மூடி வச்சிருப்பாங்க, இவங்க அதுக்கப்புறமும் விடாம பப்ளிஷர் பப்ளிஷரா நாவலை அனுப்பிட்டே இருந்தாங்க பாருங்க, அந்தப் பிடிவாதத்தை எந்தப் பெரியம்மா எழுதி வச்சாங்க?

அலமாரிக்காரன்: பெரியம்மா இல்ல, அப்பா. அயர்லாந்துல ஏழைக் குடும்பத்துல பொறந்து கேம்பிரிட்ஜ் வரைக்கும் போய் படிச்சு பாதிரியார் ஆனவரு, அவரே 1811ல கவிதை புக்கு போட்டிருக்காரு. பிடிவாதம் எங்கிருந்து வந்துச்சுன்னு இப்ப தெரியுதா?

குறுக்குக்கேள்வி: அந்த அப்பாவுக்கு சார்லட் நாவல் எழுதுனதே, புக்கு வெளிய வந்து ஊரெல்லாம் பேசுன பிறகுதான் தெரியும் சார். அதுவும் அந்தப் பொண்ணே போய் சொன்னதால.