பயந்த சுபாவமுள்ள மகனுக்கு முதல் வேலை, எங்கிருந்து தொடங்குவது?

கோத்தகிரி அம்மா:
மகனுக்கு 22 வயது, பி.காம். முடித்து ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் குன்னூரில் ஒரு இன்டர்வியூவுக்குக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டு வரை போய், கை நடுங்குகிறது என்று திரும்பி வந்துவிட்டான். அவன் அப்பா, "கோயம்புத்தூர் அனுப்பினால் தானாகச் சரியாகிவிடும்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஊட்டிக்காரன்:
இப்போதே கீழே அனுப்பாதீர்கள் அக்கா. என் தங்கையும் இப்படித்தான் இருந்தாள். ஏப்ரல், மே சீசனில் தெரிந்தவர் வர்க்கி கடையில் தினம் மூன்று மணி நேரம் பில் போட உட்கார வைத்தோம். முதல் வாரம் யாரையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, மலர்க் கண்காட்சிக் கூட்டம் வந்தபோது அவளே சில்லறை கேட்டு வாங்க ஆரம்பித்துவிட்டாள். பெரிய வேலையெல்லாம் அப்புறம். இன்டர்வியூ என்றால் முந்தின நாளே அந்த இடத்தை அவனோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், ஆனால் உள்ளே அவனுக்காக நீங்கள் பேச வேண்டாம்.

குன்னூர் வாசகி:
கை நடுங்குவது சோம்பேறித்தனம் இல்லை, அதை முதலில் அவன் அப்பாவுக்குப் புரிய வையுங்கள். டெலி மானஸ் 14416, அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். ஊட்டியில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தாயிற்றா? தனியார் வேலைக்கான முகாமும் நடத்துகிறார்கள்.

கோத்தகிரி அம்மா:
பதிவு பன்னிரண்டாம் வகுப்போடு நிற்கிறது, டிகிரியைச் சேர்க்க வேண்டும். பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுத ஆள் கேட்டார்கள், காலையில் மட்டும் வரலாமா என்று விசாரிக்கிறேன். இதையெல்லாம் அவனிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, அந்த எண்ணை மட்டும் குறித்துக்கொண்டான்.