பிக்கப் பானட்டில் ஒட்டிய காளைப் படம் எட்டே மாதத்தில் சுருங்கியது ஏன்?

கேள்வி – காங்கேயம் வண்டிக்காரன்

வணக்கம். தேங்காய் லோடு ஏற்றும் என் வெள்ளை பொலேரோ பிக்கப்பின் பானட்டில், எங்கள் வீட்டுக் காங்கேயம் காளைச் சோடியை வரைய வைத்து, வினைல் என்னும் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் படலத்தில் அச்சிட்டு ஒட்டியிருந்தேன். எட்டு மாதங்களுக்குள் படத்தின் ஓரங்கள் உள்வாங்கி, சுற்றிலும் பசை அழுக்கேறிக் கறுப்புக் கோடாகத் தெரிகிறது. இடப்பக்கக் காளையின் மேல் மட்டும் அம்மைக் கொப்புளம் போலக் குமிழிகள் எழுந்துள்ளன. அந்த இடம் ஒரு சிறு விபத்துக்குப் பின் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தது. அடித்த நான்காம் நாளே ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டார்கள்.

அந்தச் சோடி என் தந்தையார் வளர்த்தது. ஆகவே அதே படத்தையே மீண்டும் ஒட்ட விரும்புகிறேன். எந்த வகை வினைல் வாங்குவது, சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டுவதா, நானே ஒட்டலாமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் – திருப்பூர் ஸ்டிக்கர் கடை

சுருங்கியதற்கும் குமிழி எழுந்ததற்கும் காரணம் வேறு வேறு. முதலில் சுருக்கத்தைச் சொல்கிறேன். வினைலில் கேலண்டர்டு, காஸ்ட் என இரு வகைகள் உண்டு. சப்பாத்தி மாவைத் தேய்ப்பது போல, சூடான உருளைகளுக்கு இடையே அழுத்தி இழுத்துச் செய்வது கேலண்டர்டு. தோசை மாவைப் போலத் திரவமாக ஊற்றிப் பரப்பி, உலர்த்தி எடுப்பது காஸ்ட். இழுத்துச் செய்த படலத்துக்குள் அந்த இழுவிசை தங்கியிருப்பதால், வெயில் படப்பட அது பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். உங்கள் படத்தைச் சுற்றித் தெரியும் கறுப்புக் கோடு அப்படி வந்ததுதான்.

கதவில் பல ஆண்டுகள் தாங்கும் படலம்கூட பானட்டில் அவ்வளவு நாள் தாங்காது. உச்சி வெயில் நேராக விழும் படுக்கைப் பரப்பு அது; கீழிருந்து என்ஜின் சூடும் சேர்கிறது. ஆகவே ஏறத்தாழ 50 மைக்ரான் தடிமனுள்ள காஸ்ட் வினைலையே கேளுங்கள். மேலே போடும் லேமினேஷனும் காஸ்டாகவே இருக்க வேண்டும். அடியில் நல்ல படலம் இருந்தும், மேலே மலிவான லேமினேஷன் சுருங்கி அதையும் இழுத்துக்கொண்டு போன வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சால்வென்ட் மையில் அச்சிட்டால், லேமினேஷனுக்கு முன் குறைந்தது ஒரு நாள் உலர விடச் சொல்லுங்கள்.

பதில் – பெயின்டிங் பட்டறை, ஈரோடு

குமிழிக்கு நான் விடை சொல்கிறேன். கைக்கு உலர்ந்துவிட்டதாகத் தெரியும் பெயின்ட்டுக்குள்ளும் பட்டிக்குள்ளும் தின்னர் மிச்சமிருக்கும். அது ஆவியாகி வெளியேறப் பல வாரங்கள் பிடிக்கும். நான்காம் நாளே வினைலால் மூடியதால், வழியில்லாத ஆவி படலத்தைத் தூக்கிவிட்டது. என் பட்டறையில் பெயின்ட் அடித்த வண்டிக்கு ஒரு மாதம் முடியாமல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம் என்றே சொல்லி அனுப்புகிறேன்.

உங்கள் பெயின்ட் இதற்குள் நன்றாக ஆறியிருக்கும். இனி கவனம் வேண்டியது உரிப்பதில்தான். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் கை பொறுக்கும் அளவுக்கே சூடாக்கி, படலத்தைச் செங்குத்தாகத் தூக்காமல், பானட்டை ஒட்டிப் பின்னோக்கி மெதுவாக மடித்து இழுங்கள். அவசரப்பட்டால் பட்டி பார்த்த இடத்தில் பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடும். மிச்சப் பசையை எடுக்கத் தின்னரைத் தொடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. தண்ணீர் தெளிப்பது பற்றியும், பானட்டின் மடிப்புகளைப் பற்றியும் சொன்னால் உதவியாக இருக்கும். ஆர்.சி.யில் ஏதேனும் சிக்கல் வருமா?

பதில் – திருப்பூர் ஸ்டிக்கர் கடை

ஆர்.சி.யில் வண்டியின் நிறம் பதிவாகியிருக்கும். அந்த நிறமே மாறும்படி வண்டியை மூடினால்தான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்க வேண்டிய நிலை வரும். வெள்ளை பானட்டில் இரு காளைகள் நிற்பது நிறமாற்றம் ஆகாது.

காற்று வெளியேறுவதற்கான நுண்ணிய வாய்க்கால்கள் உள்ள பசையாக இருந்தால் தண்ணீர் கூடவே கூடாது. அந்த வாய்க்கால்களில் நீர் தங்கிவிடும். முந்தைய இரவே வண்டியை நிழலில் நிறுத்தி, என்ஜின் முழுதும் ஆறிய பின், காலையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் பானட்டைத் துடைத்துவிட்டு உலர்வாகவே ஒட்டுங்கள். படத்தை அளந்து வைத்து, நடுவில் மாஸ்கிங் டேப்பால் நிறுத்தி, ஒரு பாதியின் அடித்தாளை மட்டும் வெட்டியெடுத்து, ஸ்கீஜி என்னும் தட்டையான தேய்ப்பானால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேய்க்க வேண்டும். மேடான மடிப்பில் முதலில் முகட்டை ஒட்டிவிட்டுப் பின் இருபுறமும் இறங்குங்கள். பள்ளத்தில் படலத்தை இழுத்து நிரப்பினால் நாளடைவில் அது எழும்பிவிடும். சற்றே சூடாக்கி, தளர்ந்ததும் விரலால் உள்ளே அமர்த்துங்கள். பானட்டின் மேல் வைத்து பிளேடால் வெட்டாதீர்கள். பெயின்ட் கீறிய இடத்தில் துரு ஏறும். ஒட்டி முடித்ததும், வளைவுகளையும் ஓரங்களையும் ஹீட் கன்னால் ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால்தான் படலம் அந்த வடிவத்தில் நிலைக்கும். ஒரு வாரம் வாட்டர் சர்வீஸ் வேண்டாம்.

நீங்களே ஒட்டலாம், ஆனால் தனியாக வேண்டாம். மறுமுனையைப் பிடிக்க ஒருவர் தேவை. காயலான் கடையில் ஒரு பழைய பானட்டை வாங்கி, மிச்சத் துண்டு வினைலை அதன் மடிப்புகளில் இரண்டு முறை ஒட்டிப் பார்த்த பிறகு உங்கள் வண்டியில் கை வையுங்கள்.