பனையோலைப் பொருட்களைப் படமெடுக்க றிங் லைட் வாங்கத்தான் வேண்டுமா?

ஓலைப்பெட்டி (கிளிநொச்சி):
அம்மாவும் சித்தியும் இழைக்கிற நீத்துப்பெட்டி, சுளகு, கடகம் எல்லாவற்றையும் முகநூலில் போட்டு விற்கிறோம். படம் என் போனில்தான். வேலை முடிந்து வந்து இரவில் பல்ப் வெளிச்சத்தில் எடுத்தால் புது ஓலையும் பழைய ஓலை மாதிரி மஞ்சளடித்துப் போகிறது, பின்னல் தெரிவதே இல்லை. வாங்கின ஒரு அக்கா "படத்தில் இருந்த நிறம் இது இல்லையே" என்று கேட்டே விட்டார். மத்தியானம் முற்றத்தில் வைத்தால் ஒரு பக்கம் வெளிறி மறுபக்கம் கறுப்பு. வளையம் மாதிரி இருக்கிற அந்த றிங் லைட் விளக்கை வாங்கு என்கிறார்கள், வாங்கலாமா?

குளக்கட்டு:
காசை வைத்திரு பிள்ளை. றிங் லைட் நேர் முன்னால் நின்று அடிக்கும், முகத்துக்குச் சரி. பின்னலின் மேடு பள்ளம் தெரிய வேண்டுமென்றால் சின்னச் சின்ன நிழல் விழவேண்டும், அது பக்கவாட்டில் வருகிற வெளிச்சத்தில்தான் விழும். விறாந்தையில் வெயில் நேரே படாத இடத்தில் கதிரையைப் போட்டு அதன்மேல் பெட்டியை வை, வெளிச்சம் ஒரு பக்கத்தால் வரட்டும், மறுபக்கம் ஒரு வெள்ளை பிறிஸ்டல் போட்டைச் (தடித்த மட்டை) சாத்து, வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி அந்தப் பக்கத்துக்கும் வரும். உள் பல்புகளை அணைத்துவிடு. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில்தான் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள்; பகல் வெளிச்சம் 5500 கெல்வின் அளவு, மஞ்சள் பல்ப் 3000க்குக் கிட்ட, இரண்டும் கலந்தால் எது வெள்ளை என்று போனுக்கே குழப்பம்.

எந்த விறாந்தை என்பதுதான் விசயம். ஐரோப்பாக்காரர் எழுதின பாடங்களில் எப்போதும் வடக்கு யன்னல் என்றிருக்கும். அது எங்களுக்கு மாரியில் மட்டும் சரி, சூரியன் தெற்கால் போகிற காலம். மே தொடங்கி ஓகஸ்ட் நடுப்பகுதி வரை மத்தியான வெயில் வடக்கால்தான் சரிந்து வரும், அப்போது தெற்கு விறாந்தைக்குப் போ. சித்திரை வருடப்பிறப்பை அண்டி சூரியன் நேர் உச்சியில், அந்த நாட்களில் மத்தியானம் முற்றத்தில் எடுக்கவே வேண்டாம்.

செம்மண்:
அண்ணை சொன்னதோடு இன்னொன்று. முற்றம் செம்மண் என்றால் வெயில் நிலத்தில் பட்டுத் தெறித்து பெட்டியின் அடிப்பக்கத்தைச் சிவப்பாக்கும், அந்த அக்கா பார்த்த நிறத்துக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். கீழே ஒரு வெள்ளைத் துணியை விரி. நீல தறப்பாளுக்குக் கீழே மட்டும் எடுத்துவிடாதே. மாமர நிழலும் வேண்டாம், பொட்டுப் பொட்டாக வெயில் விழும்.

வாடைக்காற்று:
எல்லாம் சரி, பிள்ளைக்கு நேரம் இரவில்தானே? பகலில் முடியவே முடியாதென்றால் 6500 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருக்கும் வெள்ளை எல்ஈடி பல்ப் ஒன்றை வாங்கி, பக்கத்தில் வைத்து, முன்னால் வெள்ளைச் சீலையைத் தொங்கவிடு. சீலை பல்பில் முட்டக் கூடாது. றிங் லைட்டைவிட மலிவு. ஆனாலும் மழைக்கு முகில் மூடின பகலுக்கு இது ஈடாகாது. வானம் முழுக்கவே ஒரு பெரிய விளக்கு அப்போது. இருட்டென்று பயப்படாமல் போனை எதிலாவது சாய்த்துவைத்து ரைமரில் எடு, கை ஆடாது.

ஓலைப்பெட்டி:
நன்றி. ஞாயிற்றுக்கிழமை கிழமைக்கான எல்லாவற்றையும் சேர்த்தே எடுக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டு விறாந்தை மேற்குப் பார்த்தது, வேறு இல்லை.

குளக்கட்டு:
நல்லதுதான். பதினொரு மணிக்குள் முடித்துவிடு, பின்னேரம் வெயில் நேரே உள்ளே வந்துவிடும். சுளகைப் படுக்க வைக்காமல் சுவரில் சாய்த்து எடு.